வேதம் ஒன்று, தீர்ப்புச் சொல்வது யார்?

கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்துச் சபையாருக்கும் இடையில் வேத விளக்கத்தையும் திருச்சபை அதிகாரத்தையும் பற்றி இருக்கிற வேறுபாட்டைக் கேட்டு வன்னியிலிருந்து வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே வளவுக்குள் அக்கா கோயிலுக்கும் தங்கச்சி சபைக்கும் போகிற குடும்பங்கள் இங்கே நிறைய. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் அந்தப் பக்கத்தார் வாசித்துவிட்டு, ‘ஓம், நாங்கள் இதைத்தான் சொல்லுகிறோம்’ என்று ஒப்புக்கொள்ளும்படி எழுத முயன்றிருக்கிறோம். எங்கள் தீர்ப்பு வருகிற இடத்தில் அது எங்கள் தீர்ப்பு என்றே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவர்களுடைய வேதத்தில் தோபித்து, மக்கபேயர் என்று எங்களிடம் இல்லாத புத்தகங்கள் கிடக்குது. அவர்கள் கூட்டினதா, எங்கட ஆக்கள் குறைச்சதா?
வாசகி, முழங்காவில்

பதில்: இரண்டில் எதைச் சொன்னாலும் பாதி உண்மைதான், அம்மா. முதலில் கணக்கு. புதிய ஏற்பாட்டில் இரண்டு பக்கத்தாருக்கும் 27 நூல்கள். அந்தப் பட்டியலில் சண்டையே இல்லை. பழைய ஏற்பாட்டில் உங்களுக்கு 39, அவர்களுக்கு 46. கூடுதலாக இருக்கிற ஏழும் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, 1 மக்கபேயர், 2 மக்கபேயர். எஸ்தரிலும் தானியேலிலும் சில பகுதிகள் கூட வரும். அதனால் உங்கள் வேதத்தில் 66, மகள் வீட்டு வேதத்தில் 73.

இயேசுவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் கிரேக்கம் பேசிய யூதர்களிடையே புழங்கிய நூல்கள் இவை. எபிரேயத் தொகுப்பில் இவை சேரவில்லை. ஆதித் திருச்சபை பெரும்பாலும் கிரேக்கத்தில் வாசித்த சபை என்பதால் இவையும் அதன் கைக்கு வந்தன. ஆனால் அப்போதே கருத்து வேறுபாடு இருந்தது. வேதத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்த எரோணிமுஸ் எபிரேயத்தில் இல்லாதவற்றைத் தனியாக வைக்க வேண்டும் என்றார். அகுஸ்தீனார் எல்லாம் வேதமே என்றார். 393 இல் ஹிப்போவிலும் 397 இல் கார்த்தேஜிலும் கூடிய வட ஆபிரிக்க ஆயர் சங்கங்கள் அகுஸ்தீனார் பக்கம் நின்று பட்டியல் போட்டன. ஆகவே ‘திரெந்துச் சங்கம் புதிதாகக் கூட்டியது’ என்பது பிழை. 1546 ஏப்ரல் 8 இல் அந்தக் கத்தோலிக்க ஆயர் சங்கம் செய்தது, பழைய பட்டியலை இனி யாரும் கேள்வி கேட்க முடியாதபடி பூட்டியது.

சீர்திருத்தத் தலைவர் லூதர் இவற்றைப் ‘பிடுங்கி எறிந்தார்’ என்பதும் அதேயளவு பிழை. 1534 இல் வந்த அவருடைய ஜெர்மன் வேதத்தில் இந்த நூல்கள் இருந்தன. இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவில், வேதத்துக்குச் சமமில்லை, ஆனால் வாசிக்க நல்லவை என்ற குறிப்போடு அச்சிட்டார். 1611 இன் ஆங்கில வேதத்திலும் இருந்தன. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிமார் 1728 இல் தமிழிலேயே அச்சிட்டார்கள். பிறகு ஏன் உங்கள் வீட்டு வேதத்தில் இல்லை? 1826 இல் லண்டன் வேதாகமச் சங்கம், இந்த நூல்கள் சேர்ந்த பதிப்புகளுக்குப் பணம் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தது. அதன்பின் அந்த வழியாக வந்த மலிவுப் பதிப்புகள் எல்லாம் 66 நூல்களோடுதான் வந்தன. இரண்டு தலைமுறைக்குள் அப்படி ஒரு நூல் இருந்ததே சனத்துக்கு மறந்துபோயிற்று.

உண்மையான வேறுபாடு இதற்கு அடியில் கிடக்கிறது. எந்த நூல் வேதம் என்ற பட்டியல் வேதத்துக்குள் எழுதப்படவில்லை. அதைச் சொன்னது திருச்சபை. ஆகவே திருச்சபையின் தீர்ப்பை நம்பாமல் வேதத்தைக் கையில் எடுக்க முடியாது என்கிறார்கள் கத்தோலிக்கர். உரைகல் பொன்னை இனங்காட்டும், பொன்னை உண்டாக்காது. சபையும் அப்படித்தான் வேதத்தை இனங்கண்டது என்கிறார்கள் சீர்திருத்தச் சபையாரான புரட்டஸ்தாந்தர்.

மகளோடு சேர்ந்து வாசிக்க விரும்பினால் 1995 இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை வாங்குங்கள். இரண்டு பக்க அறிஞர்களும் கூடி உழைத்த நூல் அது. இந்த ஏழும் அதில் ‘இணைத் திருமுறை’ என்ற தனிப் பகுதியில் இருக்கும். ‘தள்ளுபடி ஆகமம்’ என்ற பழைய சொல்லைச் சம்பந்தி வீட்டில் சொல்லாமல் விடுவது நல்லது.

கேள்வி: ‘வேதம் மாத்திரமே போதும்’ என்று எங்கள் ஐக்கியத்தில் படிப்பிக்கிறார்கள். கத்தோலிக்க நண்பன் ஒருவன், ‘அது வேதத்தில எங்க எழுதிக் கிடக்கு?’ என்று கேட்கிறான். 2 தீமோத்தேயு 3:16 ஐக் காட்டினேன். அவன் ஏற்கவில்லை. வேறு எந்த வசனத்தைக் காட்டலாம்?
வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: வசனம் தேட முதல், தம்பி, அந்தச் சொல்லையே வடிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். சபை வேண்டாம், விசுவாசப் பிரமாணம் வேண்டாம், படிப்பிக்கிறவர் வேண்டாம் என்று சீர்திருத்தக்காரரான லூதரோ கல்வினோ சொல்லவில்லை. இருவருமே ஆதிப் பிதாக்களைத் தாராளமாக எடுத்தாண்டவர்கள். அவர்கள் சொன்னது இவ்வளவுதான்: தவறவே முடியாத கடைசி அளவுகோல் வேதம் ஒன்றே, சங்கங்களும் ஆயர்களும் அந்த அளவுகோலால் அளக்கப்பட வேண்டியவர்கள். 1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில் பேரரசன் முன் நின்ற லூதர், பாப்பரசர்களும் சங்கங்களும் பலமுறை தவறியிருக்கிறார்கள், ஆகவே வேதத்தாலோ தெளிந்த நியாயத்தாலோ தன்னை உணர்த்தினாலன்றித் தான் பின்வாங்க மாட்டேன் என்றார்.

நண்பனின் பக்கத்தையும் அதே கவனத்தோடு கேளுங்கள். அப்போஸ்தலர் தந்தது எழுத்தாகவும் வந்தது, வாழ்ந்துகாட்டிய பாரம்பரியமாகவும் வந்தது. இரண்டும் ஒரே ஊற்றின் நீர். அதற்கு அதிகாரபூர்வ விளக்கம் சொல்லும் பொறுப்பு ஆயர்களிடமும் பாப்பரசரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பது கத்தோலிக்கப் போதனை. 1965 நவம்பர் 18 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறை வெளிப்பாடு பற்றிய ஏட்டின் 10 ஆம் பந்தி, அந்தப் போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்கு ஊழியம் செய்வது என்று தெளிவாகச் சொல்கிறது. இந்த ஒரு வரியைச் சபையார் பலரும் அறியார். கத்தோலிக்கர் பலரும் வாசித்ததில்லை.

இனி நீங்கள் காட்டின வசனம். வேதவாக்கியங்கள் ‘பிரயோஜனமுள்ளவை’ என்கிறது அது. பிரயோஜனம் என்றால் போதும் என்று ஆகாது என்பான் நண்பன். அடுத்த வசனத்தைக் காட்டுங்கள்: தேவமனுஷன் ‘தேறினவனாகவும், எந்த நற்கிரியையுஞ் செய்யத் தகுதியுள்ளவனாகவும்’ ஆவான் என்கிறது 17 ஆம் வசனம். உங்கள் வாதத்தின் பலம் அங்கேதான். ஆனால் 15 ஆம் வசனத்தையும் மறைக்காதீர்கள். தீமோத்தேயு சிறுவயது முதல் அறிந்த வேதம் பழைய ஏற்பாடுதான். அதுவே போதும் என்று பவுல் சொன்னார் என்று கொண்டால் புதிய ஏற்பாடு என்னாவது என்று அவன் கேட்பான். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அவன் 2 தெசலோனிக்கேயர் 2:15 ஐ எடுப்பான். நீங்கள் மாற்கு 7:8 ஐ எடுப்பீர்கள். இரண்டு பேரும் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். இரண்டு இடத்திலும் மூலத்தில் இருப்பது ‘பரதோசிஸ்’ என்ற ஒரே கிரேக்கச் சொல். சபைகள் பாவிக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, பரிசேயரைக் கண்டிக்கிற இடத்தில் அதைப் ‘பாரம்பரியம்’ என்றும், பவுல் கைக்கொள்ளச் சொல்கிற இடத்தில் ‘முறைமைகள்’ என்றும் போட்டிருக்கிறது. தமிழில் மட்டும் வாசிக்கிறவருக்குப் பாரம்பரியம் என்றாலே வேதம் கண்டிக்கிற ஒன்று என்ற எண்ணம் வந்துவிடும். மூலத்தில் நல்ல பாரம்பரியமும் உண்டு, தேவ கட்டளையை மூடிப்போடுகிற பாரம்பரியமும் உண்டு. இன்று ரோமாபுரியில் இருப்பது இதில் எது என்பதுதான் கேள்வி; அதை ஒரு வசனம் தீர்த்துவைக்காது.

பெரோயா பட்டணத்தார் கதையும் (அப்போஸ்தலர் 17:11) அப்படியே. வேதத்தைத் தினமும் ஆராய்ந்தார்கள் என்பது உங்களுக்குப் பலம். அவர்கள் ஆராய்ந்து ஏற்றது பவுல் வாயால் சொன்ன போதனையை என்பது அவனுக்குப் பலம். வெளிப்படுத்தல் 22:18 ஐ மட்டும் எடுக்காதீர்கள். அது அந்த ஒரு புத்தகத்தோடு எதையும் கூட்டக்கூடாது என்கிற எச்சரிக்கை.

எங்கள் தீர்ப்பைக் கேட்டால், ‘ஒரு வசனம் காட்டு’ என்ற போட்டியை விட்டுவிடுங்கள். சீர்திருத்தச் சபையாரின் வலுவான வாதம் வேறு: அப்போஸ்தலர் மறைந்துவிட்டார்கள், அவர்கள் சொன்னது இதுதான் என்று ஐயமில்லாமல் கையில் இருப்பது அவர்கள் எழுத்து. கத்தோலிக்கரின் வலுவான வாதம், அந்த எழுத்துக்கு இரண்டு பேர் இரண்டு பொருள் சொன்னால் யார் தீர்ப்பது என்பது. இரு பக்கத்துக்கும் வலிக்கிற இடம் உண்டு. 1529 இல் மார்பர்க்கில் லூதரும் சுவிஸ் சீர்திருத்தக்காரர் சுவிங்கிலியும் ஒரே வேதத்தை விரித்து வைத்துக்கொண்டு ‘இது என் சரீரம்’ என்ற சொல்லில் ஒன்றுபட முடியாமல் பிரிந்தார்கள். 1564 இல் ரோமாபுரி, சனத்தின் மொழியில் வேதம் வாசிக்க ஆயரின் எழுத்து அனுமதி வேண்டும் என்று சட்டம் போட்டது. தன் பக்கத்து வலியை முதலில் ஒப்புக்கொள்கிறவனோடு மற்றவன் மனம் திறந்து கதைப்பான்.

கேள்வி: ‘இதன்மேல் என் சபையைக் கட்டுவேன்’ என்று இயேசு பேதுருவிடம் சொல்கிற மத்தேயு 16:18 இல் எங்கள் வேதத்தில் ‘கல்’, கத்தோலிக்க வேதத்தில் ‘பாறை’. பேதுருவைப் பெரிதாக்க மாற்றினார்களா?
வாசகர், நானாட்டான்

பதில்: மாற்றவில்லை. கிரேக்கத்தில் பெயர் ‘பெத்ரொஸ்’, அடுத்து வருவது ‘பெத்ரா’. பெத்ரா என்றால் பாறை. பெத்ரொஸ் சின்னக் கல், பெத்ரா பெரிய பாறை, ஆகவே இரண்டும் வேறு என்ற வாதம் பிரசங்கங்களில் இன்றும் கேட்கிறது. இயேசு பேசிய அரமேயத்தில் இரண்டுக்கும் ‘கேபா’ என்ற ஒரே சொல்தான் (யோவான் 1:42 ஐப் பாருங்கள்), அதனால் அந்த வாதம் மெலிந்துவிடுகிறது. லுத்தரன் அறிஞர் ஒஸ்கார் குல்மன் உட்படப் பல புரட்டஸ்தாந்து அறிஞர்களே பாறை என்பது பேதுருவைத்தான் குறிக்கிறது என்று ஏற்கிறார்கள். மறுபக்கத்தில், ஆதிப் பிதாக்கள் எல்லோரும் ஒரே பொருள் சொன்னார்கள் என்றும் கத்தோலிக்கர் சொல்ல முடியாது. அகுஸ்தீனார் முதலில் பாறை பேதுரு என்றார், பின்னர் அது கிறிஸ்து என்றார், கடைசியில் வாசகர் தெரிந்தெடுக்கட்டும் என்று எழுதிவைத்தார்.

பிணக்கு அடுத்த படியில் வருகிறது: பேதுருவுக்குக் கிடைத்தது அவரோடு முடிந்ததா, ரோமாபுரி ஆயருக்குத் தொடர்ந்ததா? அடுத்த வசனத்தில் பேதுருவுக்குக் கொடுக்கப்படும் திறவுகோல் ஒரு பதவியின் அடையாளம், பதவி என்றால் அடுத்தவருக்குப் போகும் என்று கத்தோலிக்கர் ஏசாயா 22:22 ஐக் காட்டுவார்கள். கட்டவும் அவிழ்க்கவும் உள்ள அதிகாரம் மத்தேயு 18:18 இல் சீஷர் எல்லோருக்கும் கொடுக்கப்படுகிறது, கலாத்தியர் 2:11 இல் பவுல் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்க்கிறார் என்று சபையார் காட்டுவார்கள். லூக்கா 22:32, யோவான் 21:15-17, எபேசியர் 2:20 ஆகியவற்றையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி ஒரே இருப்பில் வாசியுங்கள்.

கேள்வி: பாப்பரசர் பிழையே விடமாட்டார் என்று கத்தோலிக்கர் உண்மையிலேயே நம்புகிறார்களா?
வாசகி, செட்டிகுளம்

பதில்: அப்படி நம்பவில்லை. பாப்பரசரும் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்தான். ‘வழுவாவரம்’ என்பது 1870 யூலை 18 இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வரையறுத்த மிகக் குறுகிய ஒரு விசயம். நாலும் சேர்ந்தால்தான் அது: எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் மேய்ப்பர், போதகர் என்ற நிலையில் பேச வேண்டும், தன் உச்ச அப்போஸ்தல அதிகாரத்தைப் பாவிக்க வேண்டும், விசயம் விசுவாசமோ ஒழுக்கமோ ஆக வேண்டும், முழுத் திருச்சபையும் ஏற்க வேண்டும் என்று வரையறுக்க வேண்டும். விமானத்தில் கொடுக்கிற செவ்வி, ஞாயிறு உரை, அரசியல் கருத்து எதுவும் இதற்குள் வராது. 1870 க்குப் பிறகு இந்த வகையில் வந்தது ஒன்றே: 1950 நவம்பர் 1 இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்த மரியாளின் விண்ணேற்பு. மடுவில் ஓகஸ்ட் 15 இல் சனம் கொண்டாடுகிற திருநாளின் பொருள் அதுதான். திருநாள் அந்த அறிவிப்புக்குப் பல நூற்றாண்டு முந்தியது.

சீர்திருத்தச் சபையாரின் தடையும் அங்கேயே தெளிவாகத் தெரியும். மரியாளை மதிப்பதில் அவர்களுக்குத் தடையில்லை. வேதத்தில் எழுதப்படாத ஒன்றை எல்லாருடைய மனச்சாட்சி மேலும் கடமையாக ஏற்ற யாருக்கு அதிகாரம் என்பதுதான் அவர்கள் கேள்வி. ‘பாப்பரசருக்குப் பாவமே இல்லையாம்’ என்று கேலி செய்வதை விட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அதற்குப் பெறுமதியான பதில் கிடைக்கும்.

கேள்வி: ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கரை ஒடுக்கியதும் இதே வேத வாதத்தாலா?
வாசகர், மடு வீதி

பதில்: 1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையார். கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தார்கள். பதவி வேண்டுமென்றால் தங்கள் சபையில் ஞானஸ்நானம் வேண்டும் என்றார்கள். மாந்தையிலிருந்து மாதாவின் சுருவத்தோடு காட்டுக்குள் போன குடும்பங்களின் கதை அந்தக் காலத்தது. யோசேப் வாஸ் அடிகளார் 1687 இல் மாறுவேடத்தில் வந்தபோது இங்கே குருவே இல்லை. ஆங்கிலேயர் 1806 இல்தான் அந்தத் தடைகளை நீக்கினார்கள். வேதம் மாத்திரம் என்ற கொள்கையில் யாரையும் வற்புறுத்தும் கட்டளை இல்லை. அது வணிகக் கம்பனியின் அரசியல். போர்த்துக்கேயர் அதற்கு முன்னர் சைவக் கோயில்களை இடித்ததையும் கத்தோலிக்கக் கோட்பாட்டின் கணக்கில் எழுதக் கூடாது. இரண்டையும் வெட்கத்தோடு நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள் நாம்.

கேள்வி: எங்களுக்கு ஒரு பாப்பரசர், சபைக்காரருக்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம். இதை எப்படி ஒரு திருச்சபை என்பது? (நான் மறைக்கல்வி ஆசிரியை.)
வாசகி, கிளிநொச்சி

பதில்: ‘சபைக்காரர்’ என்று எல்லோரையும் ஒரு கூடைக்குள் போடாதீர்கள், ரீச்சர். அங்கிலிக்கன் சபையின் 39 கட்டுரைகளில் 20 ஆவது, விசுவாசப் பிணக்குகளில் சபைக்கு அதிகாரம் உண்டு, ஆனால் எழுதப்பட்ட வேதத்துக்கு மாறாக எதையும் விதிக்க முடியாது என்கிறது. 1947 இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் பேராயரும் மன்றமும் உண்டு. அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப் பிரமாணங்களை அறிக்கையிடுகிறார்கள். மெதடிஸ்த சபையில் ஒரு போதகர் தனியாக எதையும் மாற்ற ஏலாது. ஆண்டுப் பேரவை இருக்கிறது.

உங்கள் கவலை பொருந்துகிற இடமும் இருக்கிறது. யுத்தத்துக்குப் பிறகு ஒரு கொட்டிலும் ஒலிபெருக்கியுமாகத் தொடங்கிய தனிச் சபைகள் சிலவற்றில் போதகருக்கு மேல் யாருமில்லை. அங்கே போகிற உறவினர் இருந்தால் நாலு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். எழுதப்பட்ட விசுவாச அறிக்கை இருக்கிறதா? போதகர் பிழைவிட்டால் விசாரிப்பது யார்? காணிக்கைக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? போதனையைக் கேள்வி கேட்டவருக்கு என்ன நடந்தது? நாலுக்கும் பதிலில்லாத இடத்தில் ‘வேதம் மாத்திரம்’ என்ற பெயரில் ஒரு மனிதர் மாத்திரம் ஆட்சி செய்கிறார். சீர்திருத்தக்காரர் எதிர்த்ததே அதைத்தான்.

கேள்வி: வைகாசியில் இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள். என் தம்பியின் பெயரையும் கொடுக்கலாமா? எங்கள் போதகர் இறந்தவருக்காகச் செபிக்கக் கூடாது என்கிறார். தம்பி காணாமல்போனவர், இறந்துவிட்டார் என்று எழுதிக்கொடுக்க எனக்கு மனமில்லை.
வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: கடைசியில் நீங்கள் எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறோம், அக்கா. இறந்தார் என்று எழுதத் தேவையில்லை. உயிரோடிருக்கிறவருக்காகவும் இறந்தவருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது கத்தோலிக்கச் சட்டத்தின் 901 ஆம் விதி. பெயரை மட்டும் கொடுத்து, ‘இவருக்காக’ என்று சொன்னால் போதும்.

இறந்தவருக்கான செபம் பற்றிய பிணக்கு, முழங்காவில் அம்மா கேட்ட பட்டியலிலிருந்து வருவது. 2 மக்கபேயர் 12 இல் யூதப் படைத்தலைவர் யூதா, போரில் விழுந்தவர்களுக்காகப் பணம் சேர்த்து எருசலேமில் பலி ஒப்புக்கொடுக்க அனுப்புகிறார். அந்த நூல் வேதம் என்றால் செபத்துக்கு வேதத்தில் ஆதாரம் உண்டு. இல்லையென்றால் ஆதாரம் மெலிகிறது. போதகர் எபிரெயர் 9:27 ஐக் காட்டுவார். மரணத்தின் பின் நியாயத்தீர்ப்பு, இடையில் மாற்றமில்லை என்பது அவர் விளக்கம். ஆனால் அவருடைய மரபின் தொடக்கத்தில் இவ்வளவு இறுக்கம் இருக்கவில்லை. 1531 இல் லுத்தரன் தரப்பு எழுதிய விசுவாச விளக்கம், இறந்தவருக்காகச் செபிப்பதைத் தாங்கள் தடுப்பதில்லை என்றது. பூசையைப் பலியாக ஒப்புக்கொடுப்பதைத்தான் எதிர்த்தது.

உங்கள் மனச்சாட்சி பூசையில் பெயர் கொடுக்க இடந்தராவிட்டால், 130 ஆம் சங்கீதத்தை அன்றைக்கு வாசியுங்கள்: ‘கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்.’ கத்தோலிக்கர் இறந்தவருக்காகச் சொல்வதும் அதே சங்கீதம்தான். லத்தீன் எண்முறையில் வந்த பழைய செபப்புத்தகங்களில் அது 129 என்று இருக்கும்.

கேள்வி: மகன் கத்தோலிக்கன், பெண் மெதடிஸ்த சபை. கலியாணத்துக்கு என்ன செய்ய வேண்டும்? பெண் திரும்ப ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா?
வாசகர், மல்லாவி

பதில்: எடுக்க வேண்டியதில்லை. தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபை ஞானஸ்நானங்கள் அப்படியே செல்லும். ‘இயேசுவின் நாமத்தில்’ மட்டும் கொடுக்கிற சில சபைகளின் ஞானஸ்நானத்தை ஏற்காது. அப்போது ஞானஸ்நானம் பெறாதவரோடான கலியாணமாகக் கணக்கிட்டு 1086 ஆம் விதிப்படி விலக்குப் பெற வேண்டும்.

குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்னர் மகன் தன் பங்குத்தந்தையிடம் போகட்டும். கலப்புக் கலியாணத்துக்கு ஆயரின் அனுமதி வேண்டும். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ் மறைமாவட்டத்தில், வவுனியாவும் மன்னாரும் மன்னார் மறைமாவட்டத்தில். மகனின் ஞானஸ்நானப் பத்திரம் புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும். பழைய பிரதி உதவாது, ஏனென்றால் முந்திய கலியாணம் ஏதும் இருந்தால் பதிவேட்டின் ஓரக் குறிப்பில்தான் தெரியும். பெண்ணின் ஞானஸ்நானப் பத்திரமும், அவர் மணமாகாதவர் என்று போதகரின் கடிதமும் தேவைப்படும். இடம்பெயர்வில் பதிவேடு அழிந்திருந்தால் பயப்படாதீர்கள். நம்பத்தகுந்த ஒரு சாட்சியின் வாக்குமூலம், வளர்ந்தபின் ஞானஸ்நானம் பெற்றவரானால் அவருடைய சொந்தச் சத்தியம், போதும் என்கிறது 876 ஆம் விதி. ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ உயிரோடிருந்தால் அவரை அழைத்துப் போங்கள்.

பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதெல்லாம் செய்வேன் என்று மகன் வாக்குக் கொடுக்க வேண்டும். பெண் எந்த வாக்கும் கொடுக்கத் தேவையில்லை; மகன் கொடுத்த வாக்கை அவருக்கு அறிவிப்பார்கள், அவ்வளவே. முன்னர் இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது; 1970 இல் அது மாறிவிட்டது. இதைத் தெரியாத பெண்வீட்டார் ‘மதம் மாற்றப் பார்க்கிறார்கள்’ என்று கோபப்படுவார்கள். ஆகவே முதல் சந்திப்புக்கே பெண்ணையும் அவர் தாய் தகப்பனையும் கூட்டிப் போங்கள்.

மெதடிஸ்த ஆலயத்தில் நடத்த விருப்பமா? நடத்தலாம். அதற்கு ஆயரிடம் வேறாக ஒரு விலக்குப் பெற வேண்டும். அது இல்லாமல் நடந்தால் கத்தோலிக்கச் சட்டப்படி அந்தக் கலியாணம் செல்லாது. பிறகு பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் போகும்போதுதான் பிரச்சினை தலைகாட்டும். மண்டபத்தைப் பதிந்து, அழைப்பிதழை அடித்துவிட்டுக் குருவிடம் போவதுதான் அதிகம் நடக்கிற பிழை. காலையில் கோயிலிலும் பின்னேரம் சபையிலுமாக இரண்டு முறை சம்மதம் கேட்கிற சடங்கும் 1127 ஆம் விதிப்படி கூடாது. போதகர் வந்து வேதம் வாசித்து ஆசி கூறலாம். நற்கருணையை எல்லோரும் சேர்ந்து வாங்க முடியாது என்பதால், பூசையில்லாத மெய்விவாகச் சடங்கைத் தெரிந்தெடுங்கள். பாதிச் சனம் இருக்கையில் குந்தியிருக்கிற வேதனை மணநாளில் வேண்டாம்.

கேள்வி: கொலை செய்யாதே என்பது ஐந்தாம் கற்பனையா, ஆறாம் கற்பனையா? பிள்ளை பாடசாலைக் கிறிஸ்தவப் பாடத்தில் குழம்பிப்போனான்.
வாசகி, பரந்தன்

பதில்: கத்தோலிக்கருக்கும் லுத்தரன்மாருக்கும் ஐந்து, மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபையாருக்கு ஆறு. பத்து வார்த்தைகள் என்று வேதம் சொல்கிறது, ஆனால் இலக்கம் போடவில்லை. வேறு தெய்வம் வேண்டாம் என்பதையும் சிலை வேண்டாம் என்பதையும் ஒன்றாக எண்ணி, கடைசியில் பிறர் மனைவியையும் பிறர் பொருளையும் இரண்டாகப் பிரிப்பது கத்தோலிக்க முறை. சிலை பற்றிய கட்டளையை அவர்கள் அழித்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டுப் பிழை; யாத்திராகமம் 20 அவர்கள் வேதத்திலும் முழுதாக இருக்கிறது.

கேள்வி: எங்கள் கிராமத்தில் இரு பக்கத்தாரும் சேர்ந்து மாதம் ஒருநாள் வேதம் வாசிக்க விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?
வாசகர், மாங்குளம்

பதில்: எட்டுப் பேரிலிருந்து பன்னிரண்டு பேர், ஒரு மணித்தியாலம், ஒரு பகுதி. பத்துப் பதினைந்து வசனத்துக்கு மேல் வேண்டாம். மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். பிணக்கு எழும்புகிற மத்தேயு 16 ஐயும் யோவான் 6 ஐயும் ஒரு வருசத்துக்குத் தொடாதீர்கள். இரண்டு மொழிபெயர்ப்பையும் சத்தமாக வாசித்து, சொல் வேறுபடுகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நூல்களின் பெயர் மாறுவதால் முதல் நாளே ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: ஆதியாகமம் என்றால் தொடக்கநூல், யாத்திராகமம் என்றால் விடுதலைப் பயணம், சங்கீதம் என்றால் திருப்பாடல்கள், பிரசங்கி என்றால் சபை உரையாளர், அப்போஸ்தலர் என்றால் திருத்தூதர் பணிகள். இது இல்லாவிட்டால் வசனம் தேடியே இருபது நிமிடம் போய்விடும்.

முதல் அரை மணி, எழுதியவர் யாருக்கு என்ன சொன்னார் என்பது மட்டும். அடுத்த இருபது நிமிடம், ‘எங்கள் திருச்சபை இதை இப்படி விளங்கிக்கொள்கிறது’ என்று ஒவ்வொருவரும் தன் பக்கத்தை மட்டும் சொல்ல வேண்டும். மற்றப் பக்கம் என்ன நம்புகிறது என்று அவர்களுக்காக இவர்கள் சொல்லக் கூடாது. நடத்துகிறவர் மாதம் மாறி மாறி வரட்டும். குருவையும் போதகரையும் முதல் மூன்று மாதம் அழைக்காதீர்கள். வந்தால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் இருவருக்கும் முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லுங்கள்.

முடிக்கும்போது கர்த்தர் கற்பித்த செபத்தைச் சேர்ந்து சொல்லலாம். கத்தோலிக்கர் ‘தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள். சபையார் ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்று தொடருவார்கள். எதில் நிறுத்துவது என்று தொடங்க முன்னரே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.